வேர்களுக்கு உரை வகுத்தவர்: பஹ்ருல் உலூம் அப்துல் அலீ

நூலாசிரியருக்கு நிகராக உரையாசிரியரையும் போற்றும் மரபு தமிழுக்கு உண்டு. இளம்பூரணரும் பேராசிரியரும் நச்சினார்க்கினியரும் இல்லையெனில் தொல்காப்பியத்தின் பல வாயில்கள் நமக்குத் திறந்திரா. உரை எழுதுவது மூலத்துக்கு அடிமைப்படுவதன்று. மூலத்தோடு வழக்காடுவதும் முந்தைய உரைகாரரை மறுப்பதும் உரைக்குள் அடங்கும். இளம்பூரணரைச் சேனாவரையர் மறுக்கும் இடங்களைக் கற்றோர் இதனை நன்கு அறிவர். இத்தகைய உரையாசிரியர் ஒருவர், அரபு மொழியில் இசுலாமியச் சட்டத்தின் மூலங்களை ஆராய்ந்தவர், தம் வாழ்வின் இறுதிப் பகுதியைச் சென்னையில் கழித்து, திருவல்லிக்கேணி மண்ணிலேயே அடக்கமானார். பஹ்ருல் உலூம் என்று அறிஞர் உலகம் போற்றும் மௌலானா அப்துல் அலீ அவர். கலைகளின் கடல் என்பது அப்பட்டத்தின் பொருள்.

ஸ்ரீமுஷ்ணம் பகுதியில் வாழும் நமக்கு இவர் முற்றிலும் அயலவர் அல்லர். இவரைத் தென்னாட்டுக்கு அழைத்த ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி வாலாஜாவின் ஆட்சி எல்லைக்குள்தான் அந்நாளில் நம் ஊரும் விருத்தாசலமும் இருந்தன. பூவராகப் பெருமாள் மாசிமகத் தீர்த்தவாரிக்காகக் கிள்ளைக்கு எழுந்தருளுங்கால் அவ்வூர் இசுலாமியர் வரவேற்பு நல்குவது இன்றும் தொடரும் வழக்கம். ஒருவர் விழாவில் மற்றவர் பங்கு கொள்வது உடன்வாழ்வின் ஒரு படி. ஒருவர் நூலை மற்றவர் அறிந்துகொள்வது அதற்கு அடுத்த படி. பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்தின் மலரில் இவ்வாழ்வு இடம்பெறுவதற்கு இதுவே காரணம்.

பறங்கி மஹால்

லக்னோவுக்கு அருகிலுள்ள ஸிஹாலி என்னும் சிற்றூரில் முல்லா குத்புத்தீன் என்னும் பேரறிஞர் வாழ்ந்தார். நிலத் தகராறு ஒன்றில் பகைவர் அவரைக் கொன்றனர். அவருடைய நூல்களும் நெருப்புக்கு இரையாயின. இது 1691ஐ ஒட்டி நிகழ்ந்தது. வீடிழந்த மக்களுக்குப் பேரரசர் ஔரங்கசீப் லக்னோவில் ஒரு மாளிகையை வழங்கினார். முன்னர் ஐரோப்பிய வணிகர் ஒருவர் அதில் தங்கியிருந்தமையால் அதற்கு ஃபரங்கி மஹால் என்று பெயர். நம் கடற்கரையில் பறங்கிப்பேட்டைக்குப் பெயர் தந்த அதே சொல்தான் அது. வணிகன் விட்டுச் சென்ற வீடு இந்தியாவின் தலைசிறந்த கல்விக்கூடங்களுள் ஒன்றாயிற்று.

குத்புத்தீனின் மக்களுள் ஒருவரான முல்லா நிஜாமுத்தீன் அங்கு ஒரு பாடத்திட்டத்தை வகுத்தார். தர்ஸே நிஜாமீ என்று அவர் பெயராலேயே அது வழங்குகிறது. பல நூல்களை மேலோட்டமாகப் பயில்வதினும், ஒவ்வொரு கலையிலும் கடினமான சில நூல்களை ஆழ்ந்து கற்றால் எஞ்சியவற்றை மாணவன் தானே கற்கலாம் என்பது அதன் அடிப்படை. அளவை இயலுக்கும் தத்துவத்துக்கும் அதில் மிகுந்த இடம் உண்டு. சிற்சில மாற்றங்களோடு இத்திட்டம் இன்றளவும் தெற்காசியாவின் மதரசாக்களில் நிலைபெற்றுள்ளது.

அந்த நிஜாமுத்தீனின் மகனாக 1731ஐ ஒட்டி அப்துல் அலீ பிறந்தார். 1748இல் தந்தை மறைந்தபோது அவருக்கு வயது ஏறத்தாழ பதினேழு. தந்தையிடம் பாடங்களை முடித்திருந்தபோதிலும், தந்தையின் மாணவரான முல்லா கமாலுத்தீனிடம் ஐயம் தெளியும் பொருட்டு மேலும் பயின்றார். ஆசிரியரின் மகன் என்னும் உரிமையால் பெறும் இருக்கையைக் காட்டிலும், மாணவரின் மாணவராகி அடையும் தெளிவை அவர் பெரிதாகக் கருதினார்.

நான்கு வேர்கள்

அவர் தம் வாழ்நாள் உழைப்பைச் செலுத்திய கலைக்கு உஸூலுல் ஃபிக்ஹு என்று பெயர். ஃபிக்ஹு என்பதற்கு விளங்கிக்கொள்ளுதல் என்பது சொற்பொருள். வழிபாடு, திருமணம், வாணிகம், வாரிசுரிமை ஆகியவை பற்றிய விதிகளை அது குறிக்கும். உஸூல் என்பது அஸ்ல் என்பதன் பன்மை. வேர், அடிப்படை எனப் பொருள்படும். விதிகள் கிளைகள், அவை முளைத்த இடமும் முளைத்த முறையும் வேர்கள். ஒருவர் ஒரு விதியைக் கூறினால், அதனை எங்கிருந்து, எவ்வாறு பெற்றார் என வினவுவதே இக்கலையின் பணி.

வேர்கள் நான்கு என்பர். முதலாவது திருக்குர்ஆன். இரண்டாவது நபிகள் நாயகத்தின் சொல், செயல், இசைவு ஆகியவற்றைக் குறிக்கும் சுன்னா. மூன்றாவது இஜ்மா, ஒரு காலத்து முதிர்ந்த அறிஞர் அனைவரும் ஒருமித்து எய்தும் முடிவு. நான்காவது கியாஸ், அறிந்த ஒன்றின் காரணத்தைக் கண்டு, அக்காரணம் உள்ள அறியாத ஒன்றுக்கும் விதியை நீட்டுதல். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு அழைப்பு ஒலித்தவுடன் வாணிகத்தை நிறுத்துமாறு திருக்குர்ஆன் பணிக்கிறது. வாடகை ஒப்பந்தம் பற்றி அங்குக் குறிப்பு இல்லை. எனினும் தொழுகையினின்று கவனத்தைத் திருப்பும் காரணம் இரண்டிலும் ஒன்றே ஆதலின் விதியும் ஒன்றே எனக் கொள்வது கியாஸுக்கு எடுத்துக்காட்டு.

இவ்வரிசைக்கு அடிப்படையாக ஒரு நிகழ்ச்சியை அறிஞர் காட்டுவர். முஆத் இப்னு ஜபல் என்னும் தோழரை யமன் நாட்டுக்கு அனுப்புகையில், வழக்குகளை எவ்வாறு தீர்ப்பாய் என நபிகள் வினவினார். இறைவேதத்தால் என்றும், அதில் காணாவிடில் தூதரின் வழியால் என்றும், அதிலும் காணாவிடில் தம் அறிவை முயன்று செலுத்தி என்றும் முஆத் விடையிறுத்தார். நபிகள் அதனை ஏற்று மகிழ்ந்தார் என்பது செய்தி. அறிவை முயன்று செலுத்தும் அச்செயலே இஜ்திஹாது எனப்படும்.

இக்கலையைத் தனி நூலாக வகுத்தவற்றுள் இன்று நமக்குக் கிடைப்பவற்றில் மிகப் பழையது இமாம் ஷாஃபிஈயின் ரிஸாலா. காஸாவில் 767இல் பிறந்து 820இல் எகிப்தில் மறைந்த அவர் கவிஞருமாவார். தமிழகத்துக் கடற்கரை ஊர்களின் இசுலாமியர் பெரும்பாலும் அவர் வழியினர். உள்நாட்டில் இமாம் அபூ ஹனீஃபாவின் வழியினர் மிகுதி. அப்துல் அலீ ஹனஃபீ வழியைச் சார்ந்தவர். நான்கு வேர்களை இரு வழியினரும் ஏற்கின்றனர். அவற்றைக் கையாளும் முறையில் வேறுபடுகின்றனர். வெளிப்படையான கியாஸைத் தக்க காரணத்தால் விடுத்து வேறொரு தீர்வைக் கொள்ளும் இஸ்திஹ்ஸான் முறையை ஹனஃபீயர் ஏற்பர். ஷாஃபிஈ அதனைக் கடுமையாக மறுத்தார்.

தமிழ் இலக்கணம் பயின்றோர்க்கு இக்கலையின் பெரும்பகுதி அயலாகத் தோன்றாது. ஏனெனில் அதன் பாதி சொல்லாராய்ச்சியே. ஒரு சொல் பொதுவா, சிறப்பா? நேர்ப்பொருள் தருகிறதா, ஆகிய பொருள் தருகிறதா? ஏவல் வடிவில் உள்ளது கட்டாயமா, பரிந்துரையா, வெறும் இசைவா? ஹஜ்ஜுக்குரிய கட்டுப்பாடு நீங்கியபின் வேட்டையாடலாம் என்பதைத் திருக்குர்ஆன் ஏவல் வடிவிலேயே கூறுகிறது. அதனால் வேட்டையாடுதல் எவர்க்கும் கடமையாவதில்லை. முன்பிருந்த தடை நீங்கியது என்பதே பொருள். வியங்கோள் வாழ்த்தலிலும் விதித்தலிலும் வேண்டலிலும் வரும் என்று கற்பிக்கும் நம் வகுப்பறைக்கும் இந்த ஆராய்ச்சிக்கும் இடைவெளி மிகுதியன்று.

பனுவல் தரும் பொருளை ஹனஃபீ அறிஞர் நால்வகையாகப் பகுப்பர். சொல் நேரே நோக்கிய பொருள், சொல் போகிற போக்கில் சுட்டும் பொருள், சொல்லின் உட்கருத்தால் பெறப்படும் பொருள், சொற்றொடர் நிறைவுறும் பொருட்டு வருவித்துக் கொள்ளும் பொருள் என்பன அவை. பெற்றோரை நோக்கிச் சலிப்பைக் காட்டும் சிற்றொலியையும் எழுப்பலாகாது எனத் திருக்குர்ஆன் தடுக்கிறது. அடித்தல் கூடாதென அத்தொடரில் இல்லை. ஆயினும் சிறிய துன்பமே விலக்கெனில் பெரியது விலக்கென்பது சொல்லாமலே விளங்கும். இது மூன்றாம் வகை. குறிப்புப் பொருளும் இசையெச்சமும் அறிந்த தமிழ்க் கவிஞர்க்கு இவ்வகைப்பாடு விருந்தாகும்.

உரைக்குள் ஒரு கணக்கு

பீகாரைச் சேர்ந்த முஹிப்புல்லாஹ் என்னும் அறிஞர் ஔரங்கசீப் காலத்தில் லக்னோவிலும் ஹைதராபாதிலும் காஜியாகப் பணியாற்றி 1707இல் மறைந்தார். அவர் இக்கலைக்கு முஸல்லமுத் துபூத் என்னும் இறுக்கமான மூலநூலை இயற்றினார். பொது விதிகளை முதலில் நிறுவிப் பின் கிளைகளுக்கு வரும் முறை ஒன்று. கிளைகளை நோக்கி அவற்றினின்று பொது விதிகளைப் பெறும் முறை மற்றொன்று. இவ்விரு முறைகளையும் இணைத்தது அந்நூல். அரபு எழுத்துகளுக்கு எண்மதிப்பு உண்டு. முஸல்லமுத் துபூத் என்னும் பெயரின் எழுத்தெண்களைக் கூட்டினால் 1109 வரும். அதுவே நூல் எழுந்த ஹிஜ்ரி ஆண்டு.

நிஜாமுத்தீன் இதற்கு உரை கண்டார். மகன் அப்துல் அலீ அதே நூலுக்கு வேறோர் உரை வகுத்தார். அதற்கு அவர் சூட்டிய பெயர் ஃபவாத்திஹுர் ரஹமூத். பேரருளின் திறப்புகள் என அதனைப் பெயர்க்கலாம். இப்பெயரின் எழுத்துகளைக் கூட்டினால் 1180. கிறித்தவ ஆண்டு 1766-67. மூலநூலின் பெயரோசைக்கு இயைந்த இறுதியும் ஆண்டுக் கணக்கும் ஒருங்கே அமையப் பெயரிட்ட அவ்வுரையாசிரியரைச் சொல்லின் சுவை அறியாதவர் என எவரும் கூறார்.

ஊர் ஊராக

லக்னோவில் எழுந்த சமயப் பூசல் காரணமாக அப்துல் அலீ பிறந்த ஊரை விட்டு வெளியேற நேர்ந்தது. ஷாஜஹான்பூரில் ரோஹில்லாத் தலைவர் ஹாஃபிஸ் ரஹ்மத் கான் அவரை ஆதரித்தார். 1774இல் அத்தலைவர் போரில் மாண்டார். பின்னர் ராம்பூர் நவாபு ஃபைசுல்லா கானிடம் சென்றார். மாணவர் தொகை பெருகப் பெருக அவர்களைப் பேணும் செலவு அங்குத் தாங்கவொண்ணாததாயிற்று. வங்காளத்தில் பர்த்வான் பகுதியிலுள்ள புஹார் என்னும் ஊரில் முன்ஷி சத்ருத்தீன் மதரசா அமைத்து அவரை அழைத்தார். அக்குடும்பம் தொகுத்த நூல்கள் பிற்காலத்தில் அரசிடம் சேர்ந்து, இன்று கொல்கத்தா தேசிய நூலகத்தில் புஹார் தொகுப்பாக உள்ளன.

வள்ளல்களை நாடி வழிநடந்த நம் பழம்புலவர் வாழ்வை இப்பயணங்கள் நினைவூட்டும். எனினும் ஒரு வேறுபாடு உண்டு. புலவர் தம் சுற்றத்தின் பசி தீர்க்கப் பரிசில் வேண்டினர்; இவர் தம் மாணாக்கரின் பசி தீர்க்கப் புரவலரை நாடினார். மாணாக்கர்க்கு உணவும் உறையுளும் கிட்டும் இடமே இவர்க்கு ஊர்.

திருவல்லிக்கேணியில்

1768இல் சேப்பாக்கத்தில் அரண்மனை எழுப்பி அங்கிருந்து ஆண்ட நவாபு வாலாஜா, கல்வியில் நாட்டமுடையவர். 1790ஐ ஒட்டி அவர் அழைப்பை ஏற்று அப்துல் அலீ பெருந்திரளான மாணவரோடு சென்னைக்கு வந்தார். நவாபு எதிர்கொண்டு சென்று பல்லக்குக்குத் தாமே தோள் கொடுத்தார் என வரலாறு கூறுவோர் எழுதுவர். அவருக்கென மதரசா ஒன்று அமைந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்னையில் அவர் கற்பித்தார்.

அதே காலத்தில் 1795இல் எழுந்தது வாலாஜா பள்ளிவாசல். அதில் பொறிக்கப்பட்டுள்ள பாரசீக ஆண்டுக் குறிப்புப் பாடலை இயற்றியவர் நவாபின் அவையில் இருந்த மக்கன்லால் என்னும் இந்துக் கவிஞர். இறைநினைவே பெரிது என்னும் கருத்தமைந்த அத்தொடரின் எழுத்தெண் 1209. பள்ளிவாசல் எழுந்த ஹிஜ்ரி ஆண்டு. இறைவன் இல்லத்துக்கு ஆண்டு குறிக்கும் பாடலைப் பிற சமயக் கவிஞர் பாட, அதனைச் சட்ட அறிஞர் பெருமக்கள் ஏற்ற காலம் அது.

நவாபு வாலாஜா 1795இல் மறைந்தார். 1801இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி கர்நாடக ஆட்சியைத் தன்வசப்படுத்திக் கொண்டது. பட்டமும் ஓய்வூதியமும் நவாபு குடும்பத்துக்கு எஞ்சின; ஆட்சி போயிற்று. ஆதரித்தவர் வலிமை குன்றிய பின்னும் அப்துல் அலீ வேறு ஊர் நாடவில்லை. 1810 ஆகஸ்டில் மறைந்து, வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடக்கமானார். அவருடைய மருமகனார் மௌலானா அலாவுத்தீன் கற்பித்தலைத் தொடர்ந்தார்.

அடைக்கப்படாத வாயில்

அவரது உரையின் ஓரிடம் தனியே எண்ணத்தக்கது. முழுமையான இஜ்திஹாது நான்கு இமாம்களோடு முடிவுற்றதென்றும், ஒரு வழிக்குள் நின்று செய்யும் இஜ்திஹாதும் 1310இல் மறைந்த நஸஃபீயோடு முற்றுப்பெற்றதென்றும் சிலர் கூறிவந்தனர். அப்துல் அலீ இதனை ஆதாரமற்ற மனவிருப்பம் என ஒதுக்குகிறார். இனி இத்தகுதி உடையவர் பிறக்கமாட்டார் என்பது வருங்காலத்தைப் பற்றிய கூற்று. வருங்காலத்தை அறிந்தவன் இறைவன் ஒருவனே. ஆகவே அக்கூற்றை உரைப்போர் அறியாததை அறிந்ததாகக் கூறுகின்றனர் என்பது அவர் வாதம்.

இவ்வாதத்தின் நுட்பம் நோக்கத்தக்கது. அவர் தமக்கென ஒரு புதுவழி வகுக்கவில்லை. இறுதிவரை ஹனஃபீ வழியிலேயே நின்றார். தகுதியுள்ளவர் யான் என்று அவர் கூறவில்லை. தகுதியுள்ளவர் இனி எவருமில்லை என்று கூற எவர்க்கும் தகுதியில்லை என்றார். பணிவையே ஆயுதமாக்கி வாயிலைத் திறந்து வைத்தார். அறிவை முயன்று செலுத்துபவர் சரியாக முடிவு கண்டால் இரு நன்மையும், தவறினால் ஒரு நன்மையும் பெறுவர் என்னும் நபிமொழி இம்மரபின் உயிர்நாடி. நேர்மையான முயற்சி தவறிய போதும் பயனின்றிப் போவதில்லை என்பதை ஒரு சட்ட மரபு தன் அடித்தளத்திலேயே வைத்திருக்கிறது.

இதே காலத்தில் மறுபுறம் நிகழ்ந்ததையும் காணவேண்டும். வாரன் ஹேஸ்டிங்ஸ் 1772இல் வகுத்த திட்டப்படி, வாரிசுரிமை, திருமணம் போன்றவற்றில் இசுலாமியர்க்கு அவர்தம் சட்டமும் இந்துக்களுக்கு அவர்தம் சாத்திரமும் எனக் கம்பெனி நீதிமன்றங்கள் கொண்டன. பன்னிரண்டாம் நூற்றாண்டு ஹனஃபீ நூலாகிய ஹிதாயாவைச் சார்லஸ் ஹாமில்டன் ஆங்கிலத்தில் பெயர்க்க, அது 1791இல் வெளியாயிற்று. அப்துல் அலீ சென்னையில் வேர்களைக் கற்பிக்கத் தொடங்கிய அதே காலத்தில், ஆங்கில நீதிபதிகளின் மேசையில் வேரற்ற கிளைகள் அடுக்கப்பட்டன. நீதிமன்றங்களுக்குத் துணைநின்ற இசுலாமியச் சட்ட அலுவலர் பதவிகளும் 1864இல் ஒழிக்கப்பட்டன. பழைய உரைகாரரின் முடிவுக்கு மாறாகத் திருக்குர்ஆனுக்கு நீதிமன்றங்கள் தாமே பொருள் காண்பது தகாது என 1897இல் லண்டன் பிரிவி கவுன்சில் கூறியது. அயல்நாட்டு நீதிபதிகள் தம் எல்லையை உணர்ந்து கூறியதாக அதனைக் கொள்ளலாம். ஆயினும் விளைவு என்னவோ, உரை மரபு உறைந்துபோனதே. முந்தையோரோடு உரையாடுவதற்கென எழுந்த உரைகள், உரையாடலை முடித்துவைக்கும் ஆணைகளாயின. இந்து சாத்திர உரைகளுக்கும் இக்கதியே நேர்ந்தது.

சட்டம் எது என்பதை நூல் ஒன்றைப் பெயர்த்து அறிந்துவிடலாம். அச்சட்டம் எவ்வாறு சட்டமாயிற்று என்பதை வேர்க்கலை அறிந்தோரிடமே கற்கவேண்டும். முன்னதை மட்டும் பற்றிக்கொண்டால், ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் ஒருங்கே அதனை அசையாக் கல்லாகக் கருதுவர். இசுலாமியச் சட்டம் பற்றி நம் நாட்டில் எழும் வழக்குரைகள் பலவற்றில் இரு தரப்பினரும் இவ்வாறு கருதுவதைக் காண்கிறோம்.

கவிதைக்கும் ஓர் உரை

சட்டத்தின் மூலங்களை ஆராய்ந்த இவர் மௌலானா ரூமியின் மஸ்னவிக்குப் பாரசீகத்தில் உரை எழுதியவர் என்பது நம் வட்டத்துக் கவிஞர்க்கு உவப்பூட்டும் செய்தி. 1273இல் மறைந்த ரூமியின் அப்பெருநூலை, மெய்ஞ்ஞானி இப்னு அரபீயின் கோட்பாட்டு ஒளியில் அவர் விளக்கினார். சட்டநூலில் ஏவலுக்கும் இசைவுக்கும் எல்லை வகுத்த அதே நுண்ணறிவு, கவிதையில் கதைக்கும் உட்பொருளுக்கும் இடையே வழி கண்டது. சொல் ஒன்றேயாயினும், அதனை விதியாகப் படிக்கும் இடமும் குறியீடாகப் படிக்கும் இடமும் வேறு என்பதை அவர் அறிந்திருந்தார். கவிதையை விதியாகவும் விதியைக் கவிதையாகவும் மயங்கிப் படிப்பதால் விளையும் கேடுகளைக் கண்டுவரும் நமக்கு அவரது அறிவு தேவைப்படுகிறது.

அவருடைய ஃபவாத்திஹுர் ரஹமூத், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எகிப்தின் பூலாக் அச்சகத்தில், 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலியின் அல்முஸ்தஸ்ஃபாவோடு இணைத்து அச்சிடப்பட்டது. அரபு மொழியைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஓர் இந்தியரின் உரையைக் கஸ்ஸாலியின் நூலோடு சேர்த்துக் கற்றனர். அவர் தந்தை வகுத்த பாடத்திட்டத்தின் வழி நடந்த மதரசாக்களுள் வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தும் ஒன்று. அங்குக் கற்ற ஆ.கா. அப்துல் ஹமீது பாகவி (1876–1955) திருக்குர்ஆன் முழுமையையும் தமிழாக்கித் தந்தார். லக்னோ மாளிகையில் இட்ட வித்தின் ஒரு கிளை இவ்வாறு தமிழில் காய்த்தது.

பஹ்ருல் உலூமின் வாழ்வு போர்களும் அரியணைகளும் நிறைந்ததன்று. நான்கு ஊர்கள், நான்கு புரவலர்கள், ஒரு கலை. பெரும் நிகழ்ச்சிகள் யாவும் அவர் ஏட்டுக்குள்ளேயே நிகழ்ந்தன. முன்னோர் சொல்லை அவர் தலைமேல் கொண்டார். ஆனால் அவர்களோடு அறிவு முடிந்தது என்று கூற மறுத்தார். சங்கத்தோடு கவிதை முடிந்ததென்றோ கம்பரோடு காவியம் முடிந்ததென்றோ எவரேனும் கூறக் கேட்டால், திருவல்லிக்கேணிப் பள்ளிவாசலில் உறங்கும் அவ்வுரையாசிரியரின் விடையை நம் கவிஞர்கள் எடுத்துக்கூறலாம்: இனிப் பிறக்கவிருப்பவரை எண்ணி முடித்தவர் எவருமிலர்.